யூத மதமும் யூத அரசும்: விடை காணாத ஒரு கேள்வியின் வரலாறு

இஸ்ரேல் யூத மதத்திலிருந்து பிறந்த நாடா, யூதர் எல்லோரும் சியோனிஸ்டுகள்தானா (பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கென ஒரு நாடு வேண்டும் என்பவர்கள்தானா), ஒரு மதத்தாருக்கென்று நவீன அரசு ஒன்று இருக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் ஒரே சொல்லில் விடை தருபவர்களை நான் நம்புவதில்லை. ஆதரிப்பவர்கள் பைபிளிலிருந்து நேராக, இஸ்ரேல் உருவான 1948-க்குத் தாவுகிறார்கள். எதிர்ப்பவர்களில் பலர் சியோனிசத்தை யூத மதத்தின் இயல்பான குணமாகவே கருதிவிடுகிறார்கள். இரு தரப்பும் நடுவிலிருக்கும் இருநூறு ஆண்டு வரலாற்றை விட்டுவிடுகின்றன. விடை அந்த இருநூறு ஆண்டுகளில்தான் இருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யூத மதம் தானாக வளர்ந்து ஓர் அரசாக மாறவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் உருவான நவீன அரசு, தன் எல்லைக்குள் வாழ்ந்த யூதர்களிடம் ‘நீங்கள் ஒரு மதத்தாரா, தனி மக்களினமா’ என்று கேட்டது. அவர்கள் அதற்குத் தந்த பல விடைகளில் சியோனிசமும் ஒன்று. மற்ற விடைகள் பெரும்பாலும் அவற்றை நம்பிய மக்களோடு சேர்த்து அழிக்கப்பட்டபோது இது எஞ்சியது. ஆனால் 1948-க்குப் பிறகு அதே கேள்வியை யூதர்களின் சொந்த அரசே கேட்க வேண்டியதாயிற்று, அதற்கான விடை இன்றும் கிடைத்தபாடில்லை.

கி.பி. 70-இல் ரோமானியர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்தார்கள். 132 முதல் 135 வரை பார் கோக்பாவின் தலைமையில் நடந்த கிளர்ச்சியும் பெரும் அழிவில் முடிந்தது. ஆலயமும் பலியும் குருமாரும் இல்லாத நிலையில் யூத வாழ்வைத் தாங்கிப் பிடித்தவர்கள் ரபிகள் என்ற மத அறிஞர்கள். அரசில்லாமல் வாழ்வதற்கான முழுமையான ஒரு சட்ட ஒழுங்கை அவர்கள் தால்முத் என்ற மதச் சட்டத் தொகுப்பில் வகுத்தார்கள். வாழும் நாட்டின் சட்டமே சட்டம் என்ற கோட்பாட்டை மூன்றாம் நூற்றாண்டில் பாபிலோனில் வாழ்ந்த சாமுவேல் என்ற ரபி நிலைநாட்டினார். அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில், நீங்கள் குடியேறிய பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று எரேமியா தீர்க்கதரிசி சொல்லியிருந்தார். தால்முத்தில் மூன்று சபதங்கள் பற்றிய ஒரு பகுதியும் உண்டு. யூதர்கள் பலத்தால் திரண்டு புனித பூமிக்குத் திரும்பக் கூடாது. பிற மக்களுக்கு எதிராகக் கலகம் செய்யக் கூடாது. பிற மக்களும் யூதர்களை அளவுக்கு மீறி ஒடுக்கக் கூடாது. விடுதலை, மெசியா என்ற மீட்பரின் வருகையால் கடவுள் தர வேண்டியது, மனிதர் அவசரப்பட்டுப் பறித்துக்கொள்ளக் கூடாது என்பது இதன் உட்பொருள்.

இதிலிருந்து யூதர்கள் சீயோனை, அதாவது எருசலேமை, மறந்துவிட்டார்கள் என்று முடிவு செய்தால் அது பெரும் பிழை. அன்றாடம் மூன்று வேளை ஜெபத்திலும், உணவுக்குப் பின் சொல்லும் நன்றியுரையிலும், திருமணத்தில் கண்ணாடிக் கோப்பையை உடைக்கும் சடங்கிலும் எருசலேம் இருந்தது. பஸ்கா இரவு விருந்து ‘அடுத்த ஆண்டு எருசலேமில்’ என்ற வாழ்த்தோடு முடிந்தது. அந்த ஏக்கம் மெய்யானது. அதைப் பிற்காலத்து அரசியல்வாதிகள் கற்பித்துச் சொன்ன கதை என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியாது. ஆனால் அந்த ஏக்கத்துக்கு எல்லைக்கோடும் படையும் கடவுச்சீட்டும் கிடையாது. ஏக்கத்தை அரசியல் திட்டமாக மாற்ற வேறொன்று தேவைப்பட்டது. அது வெளியிலிருந்து வந்தது.

நவீன அரசு வருவதற்கு முன் ஐரோப்பாவில் யூதர்கள் தனித்தனிக் குடிமக்களாக இருக்கவில்லை. ஒரு சமுதாயமாக வரி கட்டினார்கள், தங்கள் வழக்குகளைத் தங்கள் நீதிமன்றத்தில் தீர்த்துக்கொண்டார்கள், தங்கள் ஏழைகளைத் தாங்களே பராமரித்தார்கள். போலந்தில் ‘நான்கு நாடுகளின் சபை’ என்ற யூதப் பேரவை 1764-இல் கலைக்கப்படும்வரை இந்தத் தன்னாட்சியை நடத்தி வந்தது. பிரெஞ்சுப் புரட்சி இந்த ஏற்பாட்டுக்கு முடிவு கட்டியது. 1789 டிசம்பரில் பிரெஞ்சு தேசிய சபையில் பேசிய கிளெர்மோன்-தொனேர் பிரபு, யூதர்களுக்கு ஒரு தேசமென்ற முறையில் எதையும் தரக் கூடாது, தனிமனிதர்கள் என்ற முறையில் எல்லாவற்றையும் தர வேண்டும் என்றார். 1791-இல் பிரான்ஸ் யூதர்கள் சம குடியுரிமை பெற்றார்கள். 1806-இல் நெப்போலியன் யூதப் பிரமுகர்களைக் கூட்டி 12 கேள்விகள் கேட்டார். பிரான்ஸ் உங்கள் தாய்நாடா, அதைக் காக்கக் கடமைப்பட்டவர்களா என்பவை அவற்றில் முக்கியமானவை. உயிர் உள்ளவரை காப்போம் என்று கூட்டத்தினர் பதில் கூறினார்கள்.

பெரிய விடுதலை அது. அதற்கு ஒரு விலையும் இருந்தது. வாழ்வு முழுவதையும் ஆண்ட ஒரு சட்ட ஒழுங்கு, ஞாயிற்றுக்கிழமைக் கிறிஸ்தவத்தைப் போல, மனசாட்சிக்கும் வழிபாட்டுக்கும் உரிய ‘மதமாக’ச் சுருங்க வேண்டியிருந்தது. ஜெர்மனியின் சீர்திருத்த யூதம் இந்த மாற்றத்தை மனமுவந்து ஏற்றது. சீயோனுக்குத் திரும்புவது பற்றிய வேண்டுதல்கள் ஜெபநூல்களில் திருத்தப்பட்டன, சில இடங்களில் நீக்கப்பட்டன. 1885-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் கூடிய சீர்திருத்த ரபிகள், நாங்கள் இனி ஒரு தேசமல்ல, மதச் சமூகம், பாலஸ்தீனத்துக்குத் திரும்புவதை எதிர்பார்க்கவில்லை என்று வெளிப்படையாகவே தீர்மானித்தார்கள். ‘யூதர் என்றாலே சியோனிஸ்ட்’ என்று இன்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு தீர்மானமே போதுமான மறுப்பு. இதே சீர்திருத்த இயக்கம் 1937-இல் கொலம்பஸ் நகரில் கூடித் தன் நிலையை மாற்றிக்கொண்டது. அதற்குள் ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சி வந்துவிட்டிருந்தது.

உலக யூதர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் வாழ்ந்த ரஷ்யப் பேரரசில் நிலைமை முற்றிலும் வேறு. அங்கே குடியுரிமை என்ற பேரமே நடக்கவில்லை. மேற்கு மாகாணங்களில் வகுக்கப்பட்ட குடியிருப்பு எல்லைக்குள்தான் அவர்கள் வாழலாம். 1881-இல் ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து தென் மாகாணங்களில் யூதர் மீது கும்பல் தாக்குதல்கள் பரவின. படித்து ரஷ்யராகிவிட்டால் ஏற்றுக்கொள்ளப்படுவோம் என்று நம்பிய ஒரு தலைமுறையின் நம்பிக்கை அங்கே உடைந்தது. ஒடெஸா நகர மருத்துவர் லியோன் பின்ஸ்கர் அவர்களில் ஒருவர். யூதர்கள் பிறர் தரும் விடுதலைக்குக் காத்திராமல் தாங்களே தங்களை விடுவித்துக்கொள்ள வேண்டும் என்று 1882-இல் அவர் வெளியிட்ட சிற்றேடு, சியோனிச இயக்கத்தை அமைத்த ஹெர்ஸலின் ‘யூத அரசு’ நூலுக்கு 14 ஆண்டுகள் முந்தியது. அதில் மெசியாவுக்கு இடமில்லை. தனக்கென்று நிலம் இல்லாத மக்களை உலகம் ஆவியைக் கண்டு அஞ்சுவதுபோல அஞ்சுகிறது என்ற சமூக ஆய்வே அதன் அடிப்படை.

1897-ஆம் ஆண்டை நான் தனியாகச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். அந்த ஆண்டு ஆகஸ்டில் வியன்னா பத்திரிகையாளர் தியோடர் ஹெர்ஸல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் முதல் சியோனிஸ மாநாட்டைக் கூட்டினார். அதற்கு இரண்டு மாதங்களுக்குள் வில்னாவில் பண்ட் என்ற யூதத் தொழிலாளர் கட்சி உருவானது. யூதர்கள் ஒரு மக்களினம், ஆனால் அவர்களின் போராட்டம் வாழும் மண்ணிலேயே, கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திய (யிடிஷ்) மொழியில், சோஷலிசத்தின் வழியாக நடக்க வேண்டும் என்பது பண்டின் கொள்கை. வரலாற்றாசிரியர் சைமன் டுப்னோவ் நிலப்பரப்பு வேண்டாத பண்பாட்டுத் தன்னாட்சியை முன்வைத்தார். ஆக, யூதத் தேசியம் என்பதே பல கிளைகளைக் கொண்டிருந்தது. அதில் சியோனிசம் ஒரு கிளை, தொடக்கத்தில் சிறிய கிளையும்கூட.

ஹெர்ஸலுக்கு எபிரேயம் சரியாகத் தெரியாது. மத வாழ்விலிருந்து விலகி வளர்ந்தவர். படைவீரர்களைப் பாசறைக்குள் வைத்திருப்பதுபோல மதகுருக்களை ஆலயத்துக்குள்ளேயே வைத்திருப்போம் என்று தான் கனவு கண்ட அரசைப் பற்றி எழுதியவர். மாநாட்டை முதலில் மியூனிக்கில் நடத்தத்தான் அவர் திட்டமிட்டிருந்தார். அந்நகர யூதச் சமூகத்தின் தலைவர்கள் எதிர்த்தார்கள். ஜெர்மன் ரபிகள் சங்கத்தின் நிர்வாகிகள், யூத அரசை நிறுவும் முயற்சி மெசியாவைப் பற்றிய யூதப் போதனைக்கு முரணானது, தாய்நாட்டுக்கு உழைப்பதே மதம் எங்களுக்கு விதித்த கடமை என்று அறிக்கை விட்டார்கள். அதனால்தான் மாநாடு பாசலுக்கு மாறியது. கிழக்கு ஐரோப்பாவின் வைதிக ரபிகளின் எதிர்ப்பு வேறு காரணத்தால் எழுந்தது. அவர்களுக்கு இது மதமற்றவர்கள் கடவுளின் வேலையைக் கையில் எடுத்துக்கொள்ளும் துணிச்சல். அவர்கள் 1912-இல் அகுதத் இஸ்ரேல் என்ற அமைப்பை நிறுவினார்கள்.

மதத்தின் உள்ளிருந்தே சியோனிசத்தை ஏற்றவர்களும் இருந்தார்கள். ரபி ரைனஸ் 1902-இல் மிஸ்ராஹி என்ற கட்சியைத் தொடங்கினார். அவருடைய ஏற்பு நடைமுறை சார்ந்தது: ஒடுக்கப்படும் யூதருக்குப் புகலிடம் வேண்டும், அதை மெசியாவின் விடுதலையோடு குழப்ப வேண்டாம். 1921 முதல் 1935-இல் இறக்கும்வரை பாலஸ்தீனத்தின் தலைமை ரபியாக இருந்த ஆபிரகாம் ஐசக் கூக் மிகவும் துணிந்த ஒரு விளக்கத்தைத் தந்தார். சப்பாத் என்ற சனிக்கிழமை ஓய்வு நாளை மீறி வயலில் உழும் மதமற்ற இளைஞர்கள், தாங்கள் அறியாமலே, கடவுளின் விடுதலைத் திட்டத்தை நிறைவேற்றுகிறார்கள் என்றார் அவர். கனிவும் பெருந்தன்மையும் கொண்ட சிந்தனைதான் அது. ஆனால் அரசு என்ற மனித ஏற்பாட்டுக்குப் புனிதம் வழங்கும் வாசலையும் அதுவே திறந்தது. அந்த வாசல் வழியே 1967-க்குப் பிறகு வந்ததைக் கீழே பார்ப்போம்.

இந்த விவாதத்தில் நம் வரலாற்றோடு தொடர்புள்ள ஒருவர் இருக்கிறார், எட்வின் மாண்டேகு. மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் என்று பாடநூலில் படித்தோமே, அதே மாண்டேகு. 1917 ஜூலையில் இந்தியாவுக்கான அமைச்சராகப் பொறுப்பேற்ற அவர், அன்றைய பிரிட்டிஷ் அமைச்சரவையின் ஒரே யூதர். பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசிய இல்லம் அமைக்க ஆதரவளிக்கும் பிரகடனத்தை அரசு ஆலோசித்தபோது அதைக் கடுமையாக எதிர்த்தவரும் அவரே. இந்தியாவில் பொறுப்பாட்சி படிப்படியாக வழங்கப்படும் என்று ஆகஸ்ட் 20-இல் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். மூன்றே நாள் கழித்து அமைச்சரவைக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். யூத தேசம் என்று ஒன்று இல்லை, பாலஸ்தீனம்தான் யூதர்களின் தேசிய இல்லம் என்று சொல்லிவிட்டால் ஒவ்வொரு நாடும் தன் யூதக் குடிமக்களை வெளியேற்ற விரும்பும் என்பது அவருடைய வாதம். இறுதி முடிவு எடுக்கப்பட்டபோது அவர் இந்தியப் பயணத்தில் இருந்தார். அந்தப் பயணத்தில்தான் டிசம்பரில் சென்னைக்கும் வந்து பல தரப்புக் குழுக்களைச் சந்தித்தார்.

நவம்பர் 2-இல் வெளியான பால்ஃபர் பிரகடனத்தில் அவருடைய எதிர்ப்பின் தடம் இருக்கிறது. பிற நாடுகளில் யூதர்கள் அனுபவிக்கும் உரிமைகளுக்கும் அரசியல் தகுதிக்கும் ஊறு வரக் கூடாது என்ற நிபந்தனை அதன் இறுதியில் சேர்க்கப்பட்டது. அந்நேரம் பாலஸ்தீன மக்கள்தொகையில் யூதர்கள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கினர். எஞ்சிய ஒன்பது பங்கினரை அந்தப் பிரகடனம் ‘யூதரல்லாத சமூகங்கள்’ என்று மட்டும் குறிப்பிட்டது. அவர்களின் குடிமை, மத உரிமைகளைக் காப்பதாகச் சொன்னது, அரசியல் உரிமையைப் பற்றிப் பேசவில்லை. வெளிநாட்டு யூதர்களின் அரசியல் தகுதிக்குக் கிடைத்த பாதுகாப்பு அந்த மண்ணின் பெரும்பான்மையினருக்குக் கிடைக்கவில்லை என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

மாண்டேகுவின் அச்சம் 1948-க்குப் பிறகும் தீரவில்லை. 1950-இல் இஸ்ரேலின் பிரதமர் பென் குரியனும் அமெரிக்க யூதக் குழுவின் தலைவர் ஜேக்கப் பிளௌஸ்டைனும் ஓர் உடன்பாட்டை வெளியிட்டார்கள். அமெரிக்க யூதர்களின் அரசியல் விசுவாசம் அமெரிக்காவுக்கு மட்டுமே உரியது, இஸ்ரேல் தன் சொந்தக் குடிமக்கள் சார்பாக மட்டுமே பேசும் என்று பென் குரியன் அதில் ஒப்புக்கொண்டார். இஸ்ரேல் அரசின் செயலுக்கு வேறொரு நாட்டில் வாழும் யூதரைப் பொறுப்பாக்குவது, அவருடைய ஜெப ஆலயத்தின் முன் நின்று கோஷமிடுவது எல்லாம், இந்த ஒப்புதலை அறியாமல் செய்யும் அநீதி. அந்த அரசை விமர்சிப்பதையே யூத வெறுப்பு என்று அடைத்துவிடுவதும் அதே குழப்பத்தின் மறுபக்கம்தான்.

மற்ற விடைகள் என்ன ஆயின? 1924-இல் அமெரிக்கா குடியேற்றத்துக்குக் கடும் ஒதுக்கீட்டு வரம்பு விதித்தது. 1938 ஜூலையில் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி அகதிகளைப் பற்றிப் பேசின, ஏறக்குறைய எந்த நாடும் வாசலைத் திறக்கவில்லை. பண்டின் வாக்காளர்களும் டுப்னோவின் வாசகர்களும் வைதிக ரபிகளின் மாணவர்களும் உள்ளிட்ட 60 லட்சம் யூதர்கள் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள். டுப்னோவே 1941-இல் ரீகாவில் கொல்லப்பட்டார். போருக்கு முன் சியோனிசம் யூதர்களிடையே ஒரு தரப்பாக இருந்தது. போருக்குப் பின் உயிர் பிழைத்தவர்களுக்கு வேறு வழி மிகக் குறைவு. அது வாதத்தால் பெற்ற வெற்றியல்ல. இதை நினைவில் வைக்காமல் 1948-ஐப் பேசுவது நியாயமாகாது. அந்த 1948-இலேயே ஏறத்தாழ 7 லட்சம் பாலஸ்தீனர்கள் தங்கள் ஊர்களை இழந்து அகதிகளானார்கள், திரும்ப அனுமதிக்கப்படவில்லை என்பதை நினைவில் வைக்காமல் பேசுவதும் நியாயமாகாது. ஒரு துயரம் மற்றொன்றை ரத்து செய்வதில்லை.

இனி அரசுக்கு வருவோம். 1947 ஜூனில் ஐ.நா. விசாரணைக் குழு பாலஸ்தீனத்துக்கு வந்திருந்த வேளையில், அகுதத் இஸ்ரேல் யூத அரசை எதிர்த்துத் தனிக்குரலில் பேசிவிடக் கூடாது என்ற கவலை பென் குரியனுக்கு இருந்தது. ஜூன் 19 தேதியிட்டு, அவர் தலைமையிலான சியோனிஸ நிர்வாக அமைப்பான யூத முகமை அவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. சப்பாத் அரசின் ஓய்வு நாளாக இருக்கும், அரசு சமையலறைகளில் யூத மத விதிப்படியான கோஷர் உணவு மட்டும் இருக்கும், திருமண விஷயத்தில் மதத்தாரின் தேவை நிறைவேற்றப்படும், கல்வியில் அவர்களுக்குத் தன்னாட்சி உண்டு என்று அது உறுதியளித்தது. இஸ்ரேலில் மதத்துக்கும் அரசுக்கும் உள்ள உறவுக்கு இன்றுவரை அடித்தளமாக இருப்பது இந்தக் கடிதம். வேதநூல் ஆணையிட்டதால் வந்த ஏற்பாடாக இதைப் பார்ப்பது தவறு, இது ஒரு கூட்டணி பேரம். 1948 அக்டோபர் 1-க்குள் அரசியல் சாசனம் இயற்றப்படும் என்று விடுதலைப் பிரகடனம் சொன்னது. அது நடக்கவில்லை. யூத வேதமான தோராவே எங்கள் சாசனம் என்றார்கள் மதக் கட்சியினர், பென் குரியனுக்கும் சாசனத்தால் கைகளைக் கட்டிக்கொள்ள விருப்பமில்லை. 1950-இல் நாடாளுமன்றமான க்னெஸெட் அதைத் தள்ளிவைத்து, அடிப்படைச் சட்டங்களாகத் துண்டு துண்டாக இயற்றுவதென்று முடிவு செய்தது.

திருமணமும் மணமுறிவும் அந்தந்த மத நீதிமன்றத்தின் கையில் இருப்பது உதுமானியப் பேரரசின் ஏற்பாடு. பிரிட்டிஷார் அதைத் தொடர்ந்தார்கள், 1953-இல் இஸ்ரேல் அதை யூதர்களுக்கான ரபி நீதிமன்றச் சட்டமாக உறுதிப்படுத்தியது. முஸ்லிம்களுக்கு ஷரியா நீதிமன்றம், கிறிஸ்தவர்களுக்குத் திருச்சபை நீதிமன்றங்கள். பதிவுத் திருமணம் என்று நாம் சாதாரணமாகக் கருதும் வழி அந்நாட்டுக்குள் இல்லை. வெளிநாட்டில் நடந்த திருமணத்தைப் பதிய அரசு கடமைப்பட்டது என்று 1963-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே ஆயிரக்கணக்கான இணையர்கள் சைப்ரஸுக்குப் பறந்து மணம் முடித்துத் திரும்புகிறார்கள்.

இதற்கிடையே 1950 ஜூலையில் தாயகம் திரும்பும் சட்டம் இயற்றப்பட்டது. ஒவ்வொரு யூதருக்கும் இஸ்ரேலுக்கு வந்து குடியேற உரிமை உண்டு என்றது அது. யூதர் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. தெரியாமல் விட்டதல்ல, சொன்னால் ஆட்சி கவிழும். 1958-இல் அமைச்சரவை நெருக்கடியே ஏற்பட்டு, பென் குரியன் உலகெங்கும் இருந்த ஏறத்தாழ 50 யூத அறிஞர்களுக்குக் கடிதம் எழுதிக் கருத்துக் கேட்டார். பெரும்பாலோர் மத சட்டத்தின் வரையறையையே கூறினார்கள்.

பிறகு வந்த வழக்குகள் இரண்டையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆஸ்வால்ட் ரூஃபைசன் போலந்தில் யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். நாஜி ஆக்கிரமிப்பின்போது அடையாளத்தை மறைத்து மிர் என்ற ஊரில் காவல்துறை மொழிபெயர்ப்பாளராக இருந்து, அங்கே யூதர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோ பகுதி அழிக்கப்படப் போவதை முன்கூட்டியே தெரிவித்துச் சில நூறு பேர் தப்ப வழி செய்தார். பின்னர் ஒரு கன்னியர் மடத்தில் ஒளிந்திருந்தபோது கத்தோலிக்கரானார், கார்மல் சபைத் துறவியாகி சகோதரர் டானியேல் என்ற பெயர் பெற்றார். இஸ்ரேலுக்கு வந்து, மதத்தால் கத்தோலிக்கர், மக்களினத்தால் யூதர் என்ற முறையில் திரும்பும் சட்டத்தின்படி குடியுரிமை கேட்டார். யூத மத சட்டம் அவருக்குச் சாதகமாகவே இருந்தது. யூதத் தாய்க்குப் பிறந்தவர் மதம் மாறினாலும் யூதரே என்பது அதன் மரபு. ஆனால் 1962-இல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் மறுத்தது. இது மதச்சார்பற்ற சட்டம், சாதாரண யூதரின் பேச்சு வழக்கில் கிறிஸ்தவத் துறவி யூதராகமாட்டார் என்றது தீர்ப்பு. மதச்சார்பற்ற தேசியம் மதத்தைவிடக் கடுமையான எல்லைக்கோட்டை வரைந்த தருணம் இது. வழக்கமான குடியுரிமை நடைமுறையின் வழியே குடிமகனாகி, 1998-இல் இறக்கும்வரை ஹைஃபாவில் வாழ்ந்தார் அவர்.

இரண்டாவது வழக்கு இதற்கு நேர் எதிரானது. பெஞ்சமின் ஷாலித் கடற்படை அதிகாரி, மனைவி யூதரல்லாதவர். எபிரேயம் பேசி இஸ்ரேலில் வளரும் தங்கள் பிள்ளைகளை மதமற்றவர்களாகவும், தேசியத்தால் யூதர்களாகவும் பதியுமாறு கோரினார்கள். 1970 ஜனவரியில் ஐந்துக்கு நான்கு என்ற நூலிழைப் பெரும்பான்மையில் நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மதக் கட்சிகள் கொதித்தெழுந்தன. மார்ச் மாதமே பிரதமர் கோல்டா மெயிரின் அரசு சட்டத்தைத் திருத்தியது. யூதத் தாய்க்குப் பிறந்தவர் அல்லது யூதத்துக்கு மாறியவர், வேறு மதத்தைச் சேராதவர் என்று யூதருக்கு வரையறை வந்தது. அதே திருத்தம், குடியேறும் உரிமையை யூதரின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அவர்களுடைய வாழ்க்கைத் துணைவர்களுக்கும் விரித்தது. தாத்தா யூதர் என்பதற்காக நாஜிகள் ஒருவரைத் துன்புறுத்தினார்கள் என்றால், அதே ஒருவருக்கு யூத அரசு புகலிடம் தர வேண்டும் என்ற நியாயம் இதன் பின்னே பேசப்பட்டது.

ஒரே சட்டத்தில் இரண்டு அளவுகோல்கள் வந்தமர்ந்ததன் விளைவு 1990-களில் தெரிந்தது. சோவியத் ஒன்றியம் சிதைந்தபோது ஏறத்தாழ 10 லட்சம் பேர் வந்தார்கள். அவர்களிலும் அவர்கள் குடும்பங்களிலும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மத சட்டப்படி யூதர்கள் அல்லர். வரி கட்டுகிறார்கள், எபிரேயம் பேசுகிறார்கள், படையில் பணியாற்றுகிறார்கள். தங்கள் சொந்த நாட்டில் ஒரு யூதரை மணக்க முடியாது. இந்தியாவிலிருந்து சென்ற பெனே இஸ்ரேல் சமூகத்தினரும் இந்தக் கதவில் முட்டிக்கொண்டார்கள். கொங்கணக் கரையில் பல நூற்றாண்டுகள் சப்பாத்தைக் காத்து வாழ்ந்தவர்களின் திருமணத்துக்கு முன் அவர்கள் மூதாதையரின் யூதத் தன்மையை விசாரிக்க வேண்டும் என்று, 1960-களின் தொடக்கத்தில் இஸ்ரேலின் தலைமை ரபியகம் (ரபிகளின் அரசு அமைப்பு) உத்தரவிட்டது. அவர்கள் எருசலேமில் அமர்ந்து போராடினார்கள். 1964-இல் க்னெஸெட் அவர்கள் எல்லா வகையிலும் முழு யூதர்களே என்று அறிவித்த பிறகே ரபியகம் இறங்கி வந்தது. மதத்தின் உள்விவகாரத்தில் நாடாளுமன்றம் தீர்மானம் நிறைவேற்ற வேண்டி வந்தது என்பதைக் கவனியுங்கள்.

யூதரா என்பதைத் தாண்டி, ‘இஸ்ரேலியர்’ என்றே பதிந்துகொள்ள விரும்பியவர்களுக்கு என்ன நேர்ந்தது? ஜார்ஜ் டாமரின் என்பவர் அப்படிக் கேட்டு 1972-இல் தோற்றார். மொழியியலாளர் உஸி ஓர்னானும் வேறு சிலரும் மறுபடி கேட்டு 2013-இல் தோற்றார்கள். யூதரிலிருந்து வேறான இஸ்ரேலிய தேசம் ஒன்று உருவாகியிருப்பதற்குச் சான்றில்லை என்றது உச்ச நீதிமன்றம். என் பார்வையில் இந்தத் தீர்ப்புகள்தான் உங்கள் கேள்வியின் நடுநரம்பு. பிரான்சிலும் இந்தியாவிலும் குடியுரிமை பெற்றவர் அந்நாட்டின் தேசத்தவர். இஸ்ரேலில் குடியுரிமை ஒன்று, தேசம் வேறொன்று. மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கினரான அரபுக் குடிமக்களுக்கு இதன் பொருள் தெளிவானது. அவர்களுக்கு வாக்குண்டு, நாடாளுமன்ற உறுப்பினர்களும் நீதிபதிகளும் அவர்களிலிருந்து வந்திருக்கிறார்கள். ஆனால் 1966 வரை அவர்களில் பெரும்பாலோர் ராணுவ நிர்வாகத்தின் கீழ் இருந்தார்கள். 2018 ஜூலையில் 62-க்கு 55 என்ற வாக்குகளில் நிறைவேறிய தேச அரசுச் சட்டம், அந்நாட்டில் தேசிய சுயநிர்ணய உரிமை யூத மக்களுக்கு மட்டுமே உரியது என்று எழுதிவைத்தது, அரபு மொழியை அரசு மொழி என்ற நிலையிலிருந்து இறக்கியது. படையில் சேர்ந்து உயிர் கொடுத்த, அரபு மொழி பேசும் தனி மதத்தாரான துரூஸ் சமூகத்தினர் பெருந்திரளாக டெல் அவிவில் கூடிக் கண்டித்தார்கள். அந்தச் சட்டம் தவறானது என்பதே என் கருத்து. 1948-ஆம் ஆண்டுப் பிரகடனம் எல்லாக் குடிமக்களுக்கும் சமத்துவம் என்று வாக்களித்தது, இந்தச் சட்டத்தில் அந்தச் சொல்லே இடம்பெறவில்லை.

1967 போரில் மேற்குக்கரையும் கிழக்கு எருசலேமும் இஸ்ரேலின் கைக்கு வந்தபோது மதத்துக்கும் தேசியத்துக்கும் இடையிலான வரிசை தலைகீழானது. அதுவரை தேசியம் முன்னே சென்றது, மதம் பின்னே பேரம் பேசியது. கூக்கின் மகன் ஸ்வி யெஹூதாவின் மாணவர்கள், தந்தையின் சிந்தனையை நிலத்தோடு இறுக்கிக் கட்டி, 1974-இல் குஷ் எமுனிம் என்ற குடியேற்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். கைப்பற்றிய நிலத்தைத் திருப்பித் தருவது அரசியல் முடிவு என்ற நிலை மாறி, அவர்களுக்கு அது பாவமாயிற்று. நிலத்தை விட்டுக்கொடுக்க முன்வந்த பிரதமர் ராபினை 1995 நவம்பர் 4-இல் சுட்டுக் கொன்றவர் மத சட்டத்தையே தன் நியாயமாகக் காட்டினார்.

இதை முன்கூட்டியே உணர்ந்து எச்சரித்தவரும் ஒரு வைதிக யூதரே. எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகப் பேராசிரியர் யெஷயாஹு லைபோவிச், நாள் தவறாமல் தோராவின் கட்டளைகளைக் கடைப்பிடித்தவர், தன்னைச் சியோனிஸ்டாகவே கருதியவர். அரசு என்பது மனிதத் தேவைக்கான கருவி, அதற்குப் புனிதம் கற்பிப்பது சிலை வழிபாடு என்பது அவருடைய வாதம். மற்றொரு மக்களை ஆளத் தொடங்கினால் நாடு ஒற்றர்களின் அரசாகச் சீர்கெடும் என்று 1967-க்குப் பின் உடனடியாகவே அவர் எழுதினார். மதத்தை அரசிலிருந்து பிரிக்க வேண்டுமென்று அவர் கேட்டது மதத்தைக் காப்பதற்காக. இந்த விவாதத்தில் நான் மிகவும் மதிக்கும் குரல் அவருடையது. சத்மார் என்ற தீவிர வைதிகப் பிரிவின் தலைவர் யோயல் டைடல்பாம் வேறொரு முனையிலிருந்து பேசினார். மூன்று சபதங்களை மீறியதாலேயே நாஜிப் பேரழிவு வந்தது என்று சொல்லி, அரசையே முற்றிலும் நிராகரித்தார். கொல்லப்பட்டவர்கள் மீது பழி சுமத்தும் அந்த விளக்கத்தை என்னால் ஏற்க இயலாது. ஆனால் சியோனிசத்தை மறுக்கும் ஆழ்ந்த மத நம்பிக்கையுள்ள யூதர்கள் பெரும் எண்ணிக்கையில் நியூயார்க்கிலும் எருசலேமிலும் வாழ்கிறார்கள் என்பது உண்மை.

1948-இல் பென் குரியன் ஏறத்தாழ 400 மதக் கல்லூரி மாணவர்களுக்குப் படைப் பணியிலிருந்து விலக்கு அளித்தார். ஐரோப்பாவில் எரிந்துபோன கல்விக்கூடங்களின் மிச்சத்தைக் காப்பது அதன் நோக்கம். 1977-இல் பிரதமர் பெகினின் அரசு எண்ணிக்கை வரம்பை நீக்கியது. 2024 ஜூன் 25-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, இந்த விலக்குக்குச் சட்ட அடிப்படை இல்லை, அவர்களையும் படைக்கு அழைக்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அப்போது அந்த விலக்கின் கீழ் 60,000-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். நாங்கள் தோரா கற்பதே இந்த மக்களைக் காக்கிறது, அரசின் ஆணை அதற்குக் கீழ்தான் என்கிறார்கள் அவர்கள். என் பிள்ளை காசாவில் சாகும்போது இன்னொருவர் பிள்ளை மட்டும் ஏன் விலக்குப் பெற வேண்டும் என்று கேட்கிறார்கள் மற்றவர்கள். இரு தரப்பாரும் யூதர்கள். சண்டை நடப்பது, யூதர் என்ற முறையில் முதலில் எதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பதைப் பற்றி.